பிரெய்லில் இசை படிக்க, எழுத: வடசென்னை இசைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு தடவை கேட்டால் எந்தப் பாட்டையும் கீபோர்டில் எடுத்துவிடுகிற ஆளுக்கு நொட்டேஷன் எதற்கு? ராயபுரம், பெரம்பூர் பக்கம் சர்ச் பாடகர் குழுவோடு வாசிப்பவர்களும் லைட் மியூசிக் கச்சேரிக்குப் போகிறவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். காது மேல் மெட்டைப் பிடித்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் நான்கு குரல் பாட்டின் நடுவில் ஒளிந்திருக்கும் ஆல்ட்டோ, இடது கையின் உள் சுரம், எந்த நோட்டுக்கு எந்த விரல், ஸ்லர் (சுரங்களை இழைத்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) எங்கே முடிகிறது என்பதையெல்லாம் ரெக்கார்டிங் சொல்லாது. நீங்கள் போட்ட மெட்டை வயலின்காரர் கையில் தாளாகக் கொடுக்கவும் காது உதவாது.

இங்கே சொல்லும் வரிசை கொஞ்சம் பழைய பாணி. முதல் மூன்று மாதம் கையால் எழுதுங்கள், கம்ப்யூட்டர் அப்புறம். பிரெய்ல் இசையைத் தயாரிக்கும் மென்பொருள்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் தவறும் செய்யும். அந்தத் தவறைப் பிடிக்கப்போவது உங்கள் விரல்தான். குறி தெரியாத விரலுக்குச் சரியும் தப்பும் ஒன்று.

தமிழ் பிரெய்லோ ஆங்கில பிரெய்லோ தடங்கலின்றிப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புள்ளிகளை எண்ணாகவே தருகிறோம்: ‘1456’ என்றால் ஒரே செல்லில் (ஆறு புள்ளிக் கட்டம்: இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6) அந்த நான்கு புள்ளிகள். கமா போட்டிருந்தால் அடுத்த செல். ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் பார்வையுள்ள மாஸ்டருக்கும் இது ஒன்றுபோலப் புரியும்.

என்னென்ன வேண்டும்

ஒரு சிலேட்டு, ஒரு ஸ்டைலஸ், தடித்த தாள். தொடங்க இவ்வளவு போதும். முடிந்தால் பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சு இயந்திரம். இதைத் தயாரிப்பவர்கள் நம் பக்கத்திலேயே, காட்பாடி வொர்த் டிரஸ்டில் இருக்கிறார்கள். சிலேட்டில் வலமிருந்து இடமாகக் கண்ணாடி பிம்பம்போல எழுத வேண்டும். 1, 2, 3 வலப்பக்கம் போய்விடும். தமிழ் எழுதும்போது பழகிப்போன இந்தத் திருப்பம், இசைக்குறி எழுதும்போது முதல் வாரம் மறுபடி குழப்பும். பெர்கின்ஸில் அந்தத் தொல்லை இல்லை. எழுதியதை உடனே தாளில் தடவிப் பார்க்கலாம். விசைகள் இடமிருந்து வலமாக 3, 2, 1, நடுவில் இடைவெளி, பிறகு 4, 5, 6.

தாளுக்கு ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெரு போதும். 140 ஜிஎஸ்எம் கேளுங்கள். 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் புள்ளி குத்தலாம், நான்கு முறை தடவியதும் தரைமட்டம். பெர்கின்ஸின் முழு அகலத் தாள் 11 அங்குலத்துக்கு 11½ அங்குலம். அதில் ஒரு வரிக்கு 42 செல், பக்கத்துக்கு 25 வரி. கடையிலேயே அந்த அளவுக்கு வெட்டிக் கேளுங்கள். ஏ4 தாளும் உள்ளே போகும், வரிக்குச் சுமார் 30 செல்தான் கிடைக்கும். இசைக்கு அது நெருக்கடி.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஈரக்காற்று குடித்த தாளில் புள்ளி எழும்பாது, எழும்பினாலும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளை மூடியிறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். எழுதி முடித்த தாள்களைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். மேலே உள்ள பாரம் கீழே இருக்கும் புள்ளியை நசுக்கும். புத்தகம்போல நிற்க வைக்க வேண்டும்.

ஒரு செல்லில் சுரமும் நேரமும்

லூயி பிரெய்ல் தானே சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். 1829-ல் அவர் வெளியிட்ட முதல் நூலே எழுத்தோடு இசைக்கும் சேர்த்துத்தான். இன்று புழங்கும் முறையில் ஐந்து கோடு கிடையாது, அந்தக் கோடுகளின் சுர உயரம் சொல்லும் கிளெஃப் குறியும் கிடையாது. ஒரு செல்லே சுரத்தையும் அதன் நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

சுரம் மேல் நான்கு புள்ளிகளில் இருக்கிறது:

சி – 145
டி – 15
ஈ – 124
எஃப் – 1245
ஜி – 125
ஏ – 24
பி – 245

தமிழ் பிரெய்ல் படித்த விரல் இங்கேதான் முதலில் தடுமாறும். 15 தமிழில் ‘ஏ’, இங்கே அது டி. 24 தமிழில் ‘இ’, இங்கே அது ஏ நோட். 125 ‘ஹ’ அல்ல, ஜி. 245 ‘ஜ’ அல்ல, பி. எழுத்தின் பெயரை மனசுக்குள் சொல்லி, பிறகு சுரமாக மாற்றப் பார்க்காதீர்கள். அந்த இரட்டை வேலை கடைசிவரை வேகத்தைக் கெடுக்கும். செல்லைத் தொட்டதும் வாயால் அந்தச் சுரத்தைப் பாடுங்கள். பெயர் வேண்டாம், ஒலி போதும்.

நேரம் கீழ் இரண்டு புள்ளிகளில், 3-லும் 6-லும் இருக்கிறது. இதற்கு நம் பழைய பின்ன வாய்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது:

இரண்டும் இல்லை – அரைக்கால் நோட், அல்லது அரைக்கால்வீசம்
6 மட்டும் – கால் நோட், அல்லது கால்வீசம்
3 மட்டும் – அரை நோட், அல்லது அரைவீசம்
3, 6 இரண்டும் – முழு நோட், அல்லது வீசம்

வீசம் என்றால் பதினாறில் ஒன்று. ஒவ்வொரு குறிக்கும் இரண்டு அர்த்தம், இரண்டாவது முதலாவதில் பதினாறில் ஒரு பங்கு. அதனால்தான் தமிழில் பெயர்கூட ‘கால்–கால்வீசம்’, ‘அரை–அரைவீசம்’ என்று ஜோடியாகவே வருகிறது. ஆங்கிலத்தில் எட்டு, நூற்றிருபத்தெட்டு என்று மனப்பாடம் செய்வதைவிட இது எளிது. எந்த அர்த்தம் என்று எப்படித் தெரியும்? பாரின், அதாவது தாள அளவுத் துண்டின், கணக்கு சொல்லும். நான்கு கால் நோட் கொள்ளும் 4/4 பாரில் நான்கு ‘முழு நோட்’ அடங்காது. அப்படியானால் அவை வீசம்.

ஆக, சி கால் நோட் = 145 + 6 = 1456. டி கால் 156. ஈ 1246. எஃப் 12456. ஜி 1256. ஏ 246. பி 2456. இந்த ஏழையும் முதலில் கைக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு பொறி. தமிழ் எழுதும்போது தப்பான எழுத்தை ஆறு புள்ளியும் குத்தி அடித்துவிடுவது வழக்கம். இசையில் அது செல்லாது. எஃப் (1245) உடன் 3-ம் 6-ம் சேர்ந்தால் 123456. நீங்கள் அடித்ததாக நினைத்த செல், படிப்பவருக்கு எஃப் முழு நோட். தப்பான புள்ளியை மழுங்கிய முனையால் அழுத்திச் சமன்படுத்துங்கள், இல்லையென்றால் அந்த வரியை மறுபடி எழுதுங்கள். அரைக்காலைக் காலாக்க வேண்டும் என்றால் மட்டும் வசதி. அதே செல்லில் 6-ஐச் சேர்த்தால் முடிந்தது.

முதல் பாடம்: சரளி வரிசை

எல்லாருக்கும் தெரிந்த மாயாமாளவகௌளை சரளியை எழுதலாம். ஸ = நடு சி. அப்படியானால் சி, டி பிளாட், ஈ, எஃப், ஜி, ஏ பிளாட், பி, மேல் சி. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நாலு நாலாக இரண்டு பார்.

1. தாளக்குறி: 3456, 145, 256. எண் குறி, மேலே 4, கீழே இறக்கி எழுதிய 4. பிறகு ஒரு காலி செல்.
2. ஆக்டேவ் (ஸ்தாயி) குறி: 5. நடு சி-யில் தொடங்குவது நான்காம் ஆக்டேவ், அதன் குறி 5-ஆம் புள்ளி மட்டும்.
3. ஸ: 1456.
4. ரி: முதலில் பிளாட் குறி 126, பிறகு 156.
5. க, ம: 1246, 12456. காலி செல். பார் கோடு என்று தனிக்குறி கிடையாது, இந்த இடைவெளியே பார் கோடு.
6. ப: 1256. த: 126, 246. நி: 2456. மேல் ஸ: 1456.
7. முடிவுக் குறி: 126, 13.

தடவிப் பாருங்கள். மேல் ஸ-வும் கீழ் ஸ-வும் ஒரே 1456. மேல் ஸ-வுக்கு ஆக்டேவ் குறி போடவே இல்லை. மறதி அல்ல, விதிதான் அது.

ஆக்டேவ் விதி

பிரெய்ல் இசையில் எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஏழு ஆக்டேவுக்கும் குறிகள் வரிசையாக: 4, 45, 456, 5, 46, 56, 6. கீழிருந்து மேலாகப் புள்ளிகள் வலப்பத்தியில் நகர்வதைக் கவனித்தால் மறக்காது. எப்போது போட வேண்டும்?

அடுத்த நோட் இரண்டாவது அல்லது மூன்றாவது சுரத்துக்கு நகர்ந்தால் குறி வேண்டாம், ஆக்டேவ் எல்லையைத் தாண்டினாலும். நி-யிலிருந்து மேல் ஸ அப்படித்தான். ஆறாவது அல்லது அதற்கு மேல் தாவினால் கட்டாயம் போட வேண்டும். நாலாவது, ஐந்தாவது தாவலுக்கு மட்டும் எல்லையைப் பார்க்க வேண்டும். அதே ஆக்டேவுக்குள் என்றால் வேண்டாம், தாண்டினால் வேண்டும். இவை தவிர, பாட்டின் முதல் நோட்டுக்கும் ஒவ்வொரு புது வரியின் முதல் நோட்டுக்கும் எப்போதும்.

ப-விலிருந்து ஸ போவதை எடுத்துக்கொள்வோம். ப = ஜி, நான்காம் ஆக்டேவ். மேல் ஸ நாலாவது சுரம், எல்லையைத் தாண்டுகிறது, ஆகவே 46 வேண்டும்: 1256, 46, 1456. அந்த 46-ஐ விட்டுவிட்டால்? படிப்பவர் அதை எல்லை தாண்டாத தாவலாக எடுத்துக்கொள்வார். ஜி-யிலிருந்து கீழே ஐந்தாவது சுரமான நடு சி. உச்சிக்குப் போக வேண்டிய வரி தொப்பென்று அடியில் விழும். ஒரே ஒரு செல், பாட்டே மாறிப்போகும்.

எண்ணும்போது அரைச்சுருதியைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாயாமாளவகௌளையில் ரி-க்கும் க-வுக்கும் இடையே மூன்று அரைச்சுருதி. ஆனாலும் டி-யிலிருந்து ஈ இரண்டாவது சுரம்தான். பெயர்தான் கணக்கு.

வரிசையும் முக்கியம். ஷார்ப் (146), பிளாட் (126), நேச்சுரல் (16) ஆகியவை ஆக்டேவ் குறிக்கு முன்னால் வரும். ஆக்டேவ் குறி நோட்டை ஒட்டியே நிற்க வேண்டும். 126, 5, 156 சரி. 5, 126, 156 தப்பு.

அடுத்த கட்டம்

மௌனக் குறிகள் நான்கு: முழுவுக்கு 134, அரைக்கு 136, காலுக்கு 1236, அரைக்காலுக்கு 1346. நோட்டுக்குப் பின் 3-ஆம் புள்ளி வந்தால் அதன் பாதி நேரம் கூடும். ஸ்லர் 14. டை (ஒரே சுரத்தை அடுத்த நோட்டுக்கும் நீட்டும் வளைகோடு) 4, 14. பார் நடுவில் வரி முடிந்துபோனால் கடைசி நோட்டை ஒட்டி 5-ஆம் புள்ளி போட்டு அடுத்த வரிக்குப் போகலாம். அதே 5 நான்காம் ஆக்டேவுக்கும் குறி. வரி முடிவில் இருந்தால் தொடர்ச்சி, நோட்டுக்கு முன்னால் இருந்தால் ஆக்டேவ்.

கீ சிக்னேச்சர் (பாட்டு முழுவதற்குமான ஷார்ப், பிளாட் குறிகள்) தாளக்குறிக்கு முன்னால், இடைவெளி விடாமல். ஒன்று முதல் மூன்று வரை ஷார்ப் அல்லது பிளாட் என்றால் குறியை அத்தனை தடவை எழுதுங்கள். நான்கும் அதற்கு மேலும் என்றால் எண் போடுங்கள்: நான்கு ஷார்ப் = 3456, 145, 146.

வீச நோட்டுகள் கூட்டமாக வரும் இடத்தில் ஒரு சுருக்கம் உண்டு. நான்கு வீசம் ஒரு எண்ணிக்கையில் வந்தால் முதல் நோட்டை மட்டும் வீசமாக எழுதி, மற்ற மூன்றையும் அரைக்கால்போல எழுதலாம். அச்சுப் பிரெய்லில் இது எங்கும் இருக்கும். தெரியாதவர் அந்த இடத்தில் தாளமே இடறுகிறது என்று நினைத்துக்கொள்வார்.

கார்டு எழுதும்போது எல்லா நோட்டையும் எழுதுவதில்லை. ஒன்றை எழுதி, மற்றவை அதிலிருந்து எத்தனையாவது சுரம் என்று குறிப்போம்: இரண்டாவது 34, மூன்றாவது 346, நான்காவது 3456, ஐந்தாவது 35, ஆறாவது 356, ஏழாவது 25, எட்டாவது 36. வலது கையில் மேல் நோட்டை எழுதி கீழ்நோக்கி எண்ண வேண்டும். இடது கையில் அடி நோட்டை எழுதி மேல்நோக்கி. சி மேஜரை வலது கைக்கு எழுதினால் 1256, 346, 35: ஜி, அதிலிருந்து கீழே மூன்றாவது ஈ, ஐந்தாவது சி. இதையே திசை மாற்றி மேல்நோக்கிப் படித்தால் ஜி, பி, டி. சி மேஜர் ஜி மேஜராகிவிடும். இடது கையின் சி-யைக் கீழ்நோக்கிப் படித்தால் எஃப் மேஜர் வரும். இரண்டுமே கேட்பதற்கு ஒழுங்கான கார்டுகள் என்பதால் காது சந்தேகப்படாது. அதுதான் ஆபத்து.

வலது கைக்குத் தொடக்கத்தில் 46, 345. இடது கைக்கு 456, 345. விரல் எண் நோட்டுக்குப் பின்னால்: ஒன்று 1, இரண்டு 12, மூன்று 123, நான்கு 2, ஐந்து 13.

ஒரே பார் திரும்ப வந்தால் 2356 ஒன்று போதும். எட்டுப் பார் ஒரே ரிதம் ஓடுகிற கானாவுக்கும் பஜனைக்கும் இந்தக் குறி தாளையும் நேரத்தையும் பெருமளவு மிச்சப்படுத்தும். வெறும் தாள வாத்தியத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் சுரம் முக்கியமில்லை. தொப்பி ஒலிக்கு சி, வலந்தலைக்கு ஜி என்று உங்களுக்குள் வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் கவனியுங்கள்.

பாடகர்களுக்கு வார்த்தை வரி மேலே, முதல் செல்லிலிருந்து, தமிழ் பிரெய்லில். இசை வரி அதன் கீழே, மூன்றாவது செல்லிலிருந்து. ஓர் அசையை இரண்டு சுரத்துக்கு இழுத்தால் நடுவில் 14.

படித்து மனதில் ஏற்றுவது

பார்த்துக்கொண்டே வாசிக்கும் வசதி நமக்கில்லை. கை தாளில் இருந்தால் கட்டையில் இருக்காது. ஆகவே இடது கையால் படித்து வலது கையால் வாசியுங்கள், இரண்டு பார் மட்டும். மூன்று முறை தாளில்லாமல் வாசித்த பிறகு மாற்றுங்கள். வலது கையால் படித்து இடது கையால் அதே இரண்டு பார். பிறகு இரண்டு கையும் சேர்த்து. அடுத்த இரண்டு பாருக்குப் போகும்போது முந்தைய பாரின் கடைசி எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் தனித்தனித் துண்டுகள் வரும், ஒட்டு வராது.

பார்வையுள்ளவர் அச்சுத் தாளைப் பார்த்துச் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்வது இன்னொரு வழி. அங்கே வரிசையை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: “அண்ணே, வலது கை முழுக்க முதல்ல. பார் நம்பர், ஆக்டேவ், நோட்டு, நேரம். கார்டு வந்தா மேலேயிருந்து கீழே.” “ஏழாவது பார், நாலாம் ஆக்டேவ், ஜி, அரை. அப்புறம் ஏ பிளாட், கால்.” இந்த ஒழுங்கு இருந்தால் ஒரு பக்கத்தை அரை மணியில் முடிக்கலாம். இரண்டு கையையும் கலந்து சொன்னால் மாலை முழுக்கப் போகும்.

கம்ப்யூட்டருக்கு வந்தால்

இலவசமாகவே எல்லாம் கிடைக்கிறது. ஸ்கிரீன் ரீடர் என்விடிஏ. எழுத மியூஸ்ஸ்கோர் 4. அதில் ‘என்’ விசை நோட் எழுதும் நிலைக்குக் கொண்டுபோகும். எண்கள் நேரம்: 4 அரைக்கால், 5 கால், 6 அரை, 7 முழு. சுரத்துக்கு அந்தந்த ஆங்கில எழுத்து. கண்ட்ரோலோடு மேல், கீழ் அம்பு ஆக்டேவை மாற்றும். பிரெய்ல் பேனலைத் திறந்து வைத்தால், எழுதுவதை பிரெய்ல் டிஸ்ப்ளேயில் (புள்ளிகள் எழுந்து நிற்கும் கருவி) அப்படியே தொட்டுப் பார்க்கலாம். ஏற்றுமதியில் பிரெய்ல் என்று தேர்ந்தால் பிஆர்எஃப் என்ற பிரெய்ல் கோப்பு கிடைக்கும். வெளியிலிருந்து வந்த மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பை (இசை மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வகை) மாற்ற சாவ் மாய் பிரெய்ல் இன்னொரு இலவச வழி. காசு கொடுக்கத் தயார் என்றால் குட்ஃபீல் நெடுநாள் பெயர் எடுத்தது. லிலிபாண்டில் வெறும் எழுத்தாக இசையைத் தட்டச்சலாம், ஸ்கிரீன் ரீடருக்கு அதைவிட வசதியானது இல்லை. ஆனால் அது பார்வையுள்ளவருக்கு அச்சுத்தாள் தருவதற்கு, பிரெய்லுக்கு அல்ல.

பிஆர்எஃப் கோப்பை முதன்முதலில் நோட்பேடில் திறப்பவர்கள் கெட்டுப்போன கோப்பு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். என்விடிஏ ‘மேற்கோள், கேள்விக்குறி, கோலன், டாலர்’ என்று படிக்கும். அது குப்பை அல்ல. நான்காம் ஆக்டேவ், சி, டி, ஈ. அறுபத்து மூன்று பிரெய்ல் குறிகளுக்கும் கீபோர்டு எழுத்துகளைப் பதிலியாக வைத்து எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பேச்சில் கேட்காதீர்கள், டிஸ்ப்ளேயில் தொடுங்கள்.

தொடும் முன் என்விடிஏயின் பிரெய்ல் அமைப்பில் வெளியீட்டு அட்டவணையை மாற்ற வேண்டும். அமெரிக்க ஆங்கில 6 புள்ளி கணினி பிரெய்ல் அட்டவணைதான் சரி. ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்லில் விட்டுவைத்தால் கேள்விக்குறியை நிஜமான கேள்விக்குறியாக, 236 என்று காட்டும். இசையில் 236 ஸ்டக்காட்டோ (நோட்டை வெட்டி வாசிக்கச் சொல்லும் குறி). கோலன் 25 ஆகும், அது ஏழாவது சுரக் குறி. சி இருந்த இடத்தில் ஸ்டக்காட்டோ, டி இருந்த இடத்தில் ஏழாவது. மென்பொருளைத் திட்டுவதற்கு முன் இந்த ஒரு அமைப்பைப் பாருங்கள். ஆர்பிட் ரீடர் 20 போன்ற கருவியில் எஸ்டி கார்டிலிருந்து நேரடியாகத் திறந்தால் இந்தச் சிக்கல் வராது.

20 செல் டிஸ்ப்ளே வைத்திருப்பவர் 40 செல் வரியில் ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு வரியும் இரண்டாக உடையும். வரி நீளத்தை 20 ஆக்குங்கள். இரண்டு கையையும் மேலும் கீழுமாக நேர்ப்படுத்தும் அமைப்பு தாளுக்கு அருமை. ஒற்றை வரி டிஸ்ப்ளேக்கு வீண், மேலே என்ன இருந்தது என்று விரலுக்குத் தெரியாது. டிஸ்ப்ளேக்கு வலது கை எட்டுப் பார், பிறகு இடது கை அதே எட்டுப் பார் என்ற அமைப்பே நல்லது.

அச்சுத் தாளிலிருந்து தொடங்குகிறீர்கள் என்றால் முதலில் ஸ்கேன், 300 டிபிஐ. டியூப்லைட் வெளிச்சத்தில் மொபைலில் எடுத்த படத்தில் தாள் வளைந்து ஐந்து கோடும் வளையும், நிழல் நோட்டாகும். அந்த ஸ்கேனை ஆடிவெரிஸ் என்ற இலவச மென்பொருள் மியூசிக் எக்ஸ்எம்எல் ஆக்கும். டை, மூன்று நோட் கூட்டம், ஒரே கையில் ஓடும் இரண்டு குரல் ஆகிய இடங்களில் அடிக்கடி தப்பும். ஓட்டிக் கேட்டுப் பிடிக்கக்கூடிய தப்புகள் உண்டு. கேட்டால் தெரியாதவையும் உண்டு: டி பிளாட்டுக்குப் பதில் சி ஷார்ப், இடது கை நோட் வலது கைக்குப் போனது, காணாமல்போன விரல் எண். மிடி கோப்பிலிருந்து மாற்றினால் முதல் வகை நிச்சயம் வரும். மிடிக்கு எந்தக் கட்டை என்றுதான் தெரியும், அதன் பெயர் தெரியாது. சரளியின் ரி சி ஷார்ப் ஆகிவிட்டால் ஸ-வுக்குப் பின் மறுபடி சி, அதிலிருந்து ஈ மூன்றாவது சுரம். ராகம் தெரிந்தவர் விரலுக்கு அது முள்போலக் குத்தும்.

நொட்டேஷன் எங்கே கிடைக்கும்

ஏற்கெனவே பிரெய்லில் இருப்பதை மறுபடி செய்யாதீர்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பார்வையற்றோர் பிரிவு 1962 முதல் இசைக்கென்றே சேகரிப்பு வைத்திருக்கிறது. மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் கையெழுத்தானது, 2014-ல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. பார்வையற்றோருக்கான பிரதிகள் நாடு தாண்டி வர அது வழி செய்கிறது. தனி ஆளாகக் கேட்பதைவிட ஒரு நிறுவனம் வழியாகக் கேட்பதே நடைமுறை. பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்யா புஸ்தகாலயாவில் உறுப்பினராகுங்கள். பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டு. வடசென்னையிலிருந்து இரண்டுமே ஊரின் மறுகோடி. போகும் முன் போன் செய்து, இசை பிரெய்ல் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் பாடப்புத்தகத்தை எடுத்து வைத்திருப்பார்கள்.

2012-ல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரதி எடுக்க இடம் தருகிறது. கடையில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தை உங்கள் சொந்த வாசிப்புக்காகப் பிரெய்லாக்கத் தயங்க வேண்டாம்.

கர்நாடக சங்கீதத்துக்கு

மேலே சொன்ன முறையில் வரிசைகளை எழுதலாம். கீர்த்தனைக்கு அது பாரம். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லிலேயே ஒரு சுரத்துக்கு ஒரு செல் என்று எழுதுவது சுலபம்: ஸ 234, ரி 1235, க 13, ம 134, ப 1234, த 2345, நி 1345. நீட்டலுக்கு ஆகாரக் குறி 345. ஸ்தாயிக்கு மேற்கத்திய ஆக்டேவ் குறிகளையே கடன் வாங்குங்கள் என்பது எங்கள் பரிந்துரை: கீழ் ஸ்தாயிக்கு 456, மேல் ஸ்தாயிக்கு 46, நடுவுக்கு ஒன்றும் வேண்டாம். அடையாளங்களை முதல் தாளில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே மறந்துபோகும். எந்த ரி, எந்த த என்பதை ராகப் பெயர் சொல்லிவிடும், ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டாம். கமகத்தைப் புள்ளியில் பிடிக்க முயலாதீர்கள், அதற்கு மொபைலில் ஆசிரியர் பாடிய பதிவு போதும்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் இசைத் தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை துணைத் தேர்வுகள் நான்கில் இரண்டைத் தேர்ந்தால் போதும். பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது அந்த நான்கில் ஒன்றுதான், அதைத் தவிர்த்துக் கேட்டறிதலையும் வேறொன்றையும் எடுக்கலாம். பிரெய்லில் வாசிக்க விரும்பினால், கூடுதல் நேரம் வேண்டுமென்றால், பதிவு செய்யும் அன்றே எழுத்தில் கேளுங்கள், சான்றிதழ் நகலோடு. தேர்வு அறை வாசலில் நின்று கேட்டால் தேர்வாளர் கையில் பிரெய்ல் தாள் இருக்காது. உங்கள் தாளையும் தேர்வாளருக்கான அச்சுத் தாளையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுத் தாளின் மேல் வலது மூலையில் ஒரு பிரெய்ல் எண் குத்தி வைத்தால் எது எந்தப் பாட்டு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.